பாட்டுக்கு ஒரு வழி, கரண்டுக்கு ஒரு வழி: உயர்தர மியூசிக் பிளேயரை இணைக்கவும் சார்ஜ் போடவும் முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மதுரை திருநகர் வீட்டு மாடியில் என் புதுக் கையடக்க மியூசிக் பிளேயரை அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தேன். பிளேயரில் சார்ஜ் குறைவாக இருந்ததால் சார்ஜரையும் சொருகியிருந்தேன். பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் ‘ஓ…’ என்று ஒரு இழுவை. கேபிளை மாற்றினேன், போகவில்லை. ஆம்ப்ளிஃபையரில் வேறு இன்புட்டுக்கு மாற்றினேன், அப்போதும் போகவில்லை. பிளேயரில்தான் கோளாறு என்று டப்பாவை எடுத்து, திருப்பி அனுப்பத் தயாராகிவிட்டேன்.

எங்கள் தெருவில் மைக் செட் போடும் அண்ணன் ஒருவர் உண்டு. முப்பது வருடமாகக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டியவர். அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் பிளேயரைத் தொடக்கூட இல்லை. அரை நிமிஷம் காது கொடுத்தார், சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினார். இழுவை நின்றுவிட்டது.

“எப்படிண்ணே?” என்றேன்.

“பாட்டு வர்ற ஒயர்லயே கரண்டும் உள்ள வந்தா இப்படித்தான் இழுக்கும் தம்பி. பாட்டுக்கு ஒரு வழி, கரண்டுக்கு ஒரு வழி. ரெண்டையும் கலக்க விடாத.”

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில், எனக்கும் நண்பர்களுக்கும் பிளேயரில் வந்த பிரச்சினைகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அரை லட்சம், ஒரு லட்சம் கொடுத்து வாங்குகிறோம். அந்தக் காசுக்கான சத்தம் காதுக்கு வந்து சேராமல் போவதற்குப் பெரும்பாலும் நாம் சொருகும் விதம்தான் காரணம். அதனால் டப்பாவைத் திறப்பதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த ஓட்டை எதற்கு

எதையும் சொருகாமல் பிளேயரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். யூஎஸ்பி-சி ஓட்டை ஒன்று இருக்கும். சார்ஜ், கம்ப்யூட்டர் இணைப்பு, டிஜிட்டல் வெளியீடு மூன்றுக்கும் அதுதான். ஃபியோ எம்17 மாதிரிப் பெரிய பிளேயர்களில் கூடவே வட்டமான டிசி ஓட்டை ஒன்றும் இருக்கும். அது ஆம்ப் பகுதிக்குக் கூடுதல் பவர் கொடுப்பதற்கு. அதோடு வந்த அடாப்டரைத் தவிர வேறு எதையும் அதில் சொருகாதீர்கள். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரின் பின் அளவு பொருந்தலாம். வோல்ட்டேஜும் பிளஸ் மைனஸும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம் 3.5 மி.மீ ஓட்டையும் 4.4 மி.மீ ஓட்டையும் இருக்கும். பழைய மாடல்களில் 4.4-க்குப் பதிலாக 2.5 மி.மீ இருக்கும். ஆஸ்டெல் அண்ட் கெர்ன் பிளேயர்கள் அதைப் பரப்பின. 2016-இல் சோனியின் பெரிய வாக்மேன்கள் 4.4-ஓடு வந்த பிறகு 2.5 மெல்ல ஒதுங்கிவிட்டது. மெல்லிய பின் என்பதால் முறிவதும் சகஜம். இனி அதை விட்டுப் பிரிய வேண்டியதுதான்.

3.5 என்பது போனில் பார்த்துப் பழகிய சாதாரண ஸ்டீரியோ. 4.4 பேலன்ஸ்டு. அளவு மட்டுமல்ல, உள்ளே மின்சாரம் போகும் விதமே வேறு. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிளேயர் எரிவது அங்கேதான்.

இரண்டாம் படி: சார்ஜரும் எர்த்தும்

பல பிளேயர்களின் டப்பாவில் இப்போது சார்ஜர் வருவதில்லை. போன் சார்ஜர் போதும். ஆனால் அதன் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் 18 வாட். பிளேயரின் கையேடு எதைக் கேட்கிறதோ அதற்கு ஏற்றதாக இருக்கட்டும். அதிக வாட் சார்ஜரைச் சொருகினால் பிளேயர் எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். பிளேயர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். டவுன்ஹால் ரோட்டில் தள்ளுவண்டியில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சார்ஜரை ஒரு லட்ச ரூபாய்ப் பிளேயரோடு சேர்க்காதீர்கள். விலைக்காகச் சொல்லவில்லை. 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் நிற்பது அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கும் இன்சுலேஷன்தான்.

சி-யிலிருந்து சி கேபிள் போட்டால் சார்ஜ் ஏறவில்லை, பழைய அகல யூஎஸ்பி கேபிளில் ஏறுகிறது என்று சிலர் பதறுவார்கள். சில சாதனங்களில் சி ஓட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள். அவை இல்லாவிட்டால் சி சார்ஜர் கரண்ட்டையே விடாது. பழைய வகைக் கேபிளைப் போட்டால் வேலை முடிந்தது.

இனி ஒரு விஷயம். சார்ஜ் ஏறும்போது பிளேயரின் உலோக உடம்பைப் புறங்கையால் லேசாகத் தடவிப் பாருங்கள். மணல் தாளில் தேய்ப்பது போல ஒரு சுரசுரப்பு, ஒரு அதிர்வு தெரியும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பின் சார்ஜருக்குள், இரைச்சலை அடக்குவதற்காக மெயின் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் வைப்பார்கள். அதன் வழியாக மிகச் சன்னமாக ஒரு கசிவு வரும். எர்த் பின் இல்லாததால் அது போக இடமில்லாமல் பிளேயரின் உடம்பில் நிற்கும். தரமான சார்ஜரில் இந்தக் கசிவு ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் இதே கசிவுதான் பிளேயரை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்ததும், ஆடியோ ஒயரின் கிரவுண்ட் வழியாக எர்த்தைத் தேடி ஓடுகிறது. அன்று என் ஸ்பீக்கரில் இழுத்தது அதுதான். நம் மெயின் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்துதான் அந்த ‘ஓ’.

மூன்று பின் பிளக்கோடு வரும் சார்ஜர் இருந்தால், வீட்டு எர்த் நன்றாக இருந்தால், இந்தச் சுரசுரப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். பழைய ஆட்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு குண்டு பல்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த் சரி, அழுது வடிந்தால் குழி காய்ந்துவிட்டது. வீட்டில் கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் இஎல்சிபி இருந்தால் அந்தச் சோதனையிலேயே டிரிப் ஆகிவிடும், அவர் மீட்டர் வைத்துப் பார்ப்பார். இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம். மதுரை வெயிலுக்குச் சித்திரை வைகாசியில் எர்த் குழி வறண்டு போவது சாதாரணம். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும்.

இந்த இழுவைக்கு ஹம் என்று பெயர். அது போவதற்காக ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. இழுவை நின்றுவிடும், உண்மைதான். ஒருநாள் உள்ளே பேஸ் உடம்பில் பட்டால் அதைத் தொடும் ஆள் இருக்க மாட்டார். வெட்டவே வெட்டாதீர்கள்.

மூன்றாம் படி: முதல் சார்ஜ், தினசரி சார்ஜ்

‘முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்’ என்பது நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. இப்போது இருப்பது லித்தியம். பாதியில் சொருகலாம், பாதியில் எடுக்கலாம். அது வெறுப்பது இரண்டைத்தான். ஒன்று சூடு. மற்றொன்று 100 சதவீதத்திலேயே நாள்கணக்கில் கிடப்பது. ஒரு செல் முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட் அளவில் நிற்கிறது. அந்த உச்சத்தில், அதுவும் சூட்டில், நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுளைத் தின்கிறது. 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருப்பது நல்லது. பிளேயர் செட்டிங்கில் சார்ஜ் வரம்பு இருந்தால் 80-இல் நிறுத்திவிடுங்கள்.

சூட்டைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் செல்லைச் சார்ஜ் ஏற்றுவதற்குப் பொதுவான உச்ச வரம்பு 45 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ஓட்டு வீட்டு அறை, மேலே லெதர் உறை போட்ட பிளேயர், அதில் வேகச் சார்ஜ், கூடவே பாட்டு. இந்த நான்கும் சேர்ந்தால் அந்த வரம்பு தொட்டுவிடும் தூரம்தான். நான் கோடையில் விடிகாலையில்தான் சார்ஜ் போடுவேன். உறையைக் கழற்றி, மெத்தையில் வைக்காமல் தரையில் வைப்பேன். மொசைக் தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். பிறகு நாள் முழுக்கப் பேட்டரியில் கேட்பேன். பிளேயர் மிகச் சுத்தமாகப் பாடுவதும் அப்போதுதான், ஏனென்றால் அப்போது சுவரோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

கரண்ட் கட் நாளில் இன்வெர்ட்டரில் சார்ஜ் போடலாமா என்று கேட்பார்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தாராளமாக. ஃபேனை ‘கொர்’ரென்று உறும வைக்கும் ஸ்கொயர் வேவ் வகை என்றால் அதைவிடப் பவர் பேங்க் நல்லது. பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட் ஹவர். 5 வோல்ட்டாக வெளியே வரும்போது, இழப்பும் போக, ஆறாயிரம் சொச்சம்தான் கைக்கு வரும். ஏமாற்று இல்லை, கணக்கே அப்படித்தான்.

நான்காம் படி: மெமரி கார்டு

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். கார்டைப் பிளேயரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், ஃபார்மேட் வகை எக்ஸ்ஃபேட் இருக்கட்டும். பழைய ஃபேட்32 வகையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சிடி தரம் நொடிக்கு 1,411 கிலோபிட், ஹை-ரெஸ் எனப்படும் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் 9,216 கிலோபிட். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் சுருக்கினால் அதில் பாதிக்குச் சற்று மேலே வரும். எல்லாவற்றையும் 192-இல்தான் வைக்க வேண்டும் என்று அலையாதீர்கள். மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் ஆரம்ப காலப் பாட்டுகள் 78 சுற்று இசைத்தட்டில் மோனோவாகப் பதிவானவை. அவற்றுக்கு வேண்டியது நல்ல தட்டிலிருந்து கவனமாக எடுத்த பிரதி, பெரிய எண் அல்ல.

ஐந்தாம் படி: ஹெட்போன்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

சாதாரண 3.5 பின்னில் மூன்று தொடர்புகள்தான் உண்டு. இடது பிளஸ், வலது பிளஸ், இரண்டு மைனஸும் ஒன்றாகச் சேர்ந்த கிரவுண்ட். 4.4 பேலன்ஸ்டில் இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், கடைசியில் கிரவுண்ட் என்று ஐந்து. இங்கே மைனஸ் சும்மா கிடக்கும் ஒயர் இல்லை. ஒவ்வொரு மைனஸையும் தனி ஆம்ப் ஒன்று இயக்குகிறது. பிளஸ் தள்ளும்போது மைனஸ் இழுக்கிறது. அதனால்தான் வோல்ட்டேஜ் இரண்டு மடங்கு வரை கிடைக்கிறது.

இப்போது யோசியுங்கள். உங்களிடம் 3.5 பின் உள்ள ஹெட்போன். 4.4 ஓட்டையில் சத்தம் அதிகம் என்று கேள்விப்பட்டு, ஆன்லைனில் ஒரு அடாப்டர் வாங்கிச் சொருகுகிறீர்கள். ஹெட்போனில் இரண்டு மைனஸும் ஒன்றாகக் கட்டியிருக்கின்றன. ஆக, இடது மைனஸ் ஆம்பும் வலது மைனஸ் ஆம்பும் நேருக்கு நேர் ஷார்ட் ஆகின்றன. பாட்டு கேட்கும், அதுதான் கொடுமை. கேட்டுக்கொண்டே இருக்கும்போது பிளேயர் சுடும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் அணையும், இல்லாவிட்டால் சிப் போகும். என் மாப்பிள்ளை ஒருவனின் பிளேயர் இப்படித்தான் ஒரு பக்கம் ஊமையானது.

திருப்பிச் செய்வதில் தப்பில்லை. 4.4 பின் உள்ள ஹெட்போனை அடாப்டர் போட்டு 3.5 ஓட்டையில் சொருகலாம். தனித்தனியாக இருக்கும் மைனஸ்களை அங்கே கிரவுண்டில் சேர்க்கிறோம், அவ்வளவே.

ஐந்தாவது தொடர்பான கிரவுண்டைப் பயன்படுத்திப் பாதுகாப்பாகச் செய்த அடாப்டரும் உண்டு. வெளியே பார்த்துத் தெரியாது. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. பஸ்ஸர் நிலைக்கு மாற்றுங்கள். அடாப்டரில் ஹெட்போனைச் சொருகி, பிளேயரில் சொருகாமல், 4.4 பின்னின் நுனியிலிருந்து எண்ணுங்கள். நுனி இடது பிளஸ், இரண்டாவது இடது மைனஸ், மூன்றாவது வலது பிளஸ், நான்காவது வலது மைனஸ். இரண்டாவதிலும் நான்காவதிலும் முனைகளை வையுங்கள். ‘பீப்’ என்றால் அந்த அடாப்டரை டிராயரில்கூட வைக்காதீர்கள், யாராவது எடுத்துச் சொருகிவிடுவார்கள்.

அடுத்து, பவர். ஹெட்போனின் மின்தடையான ஓம் அதிகம் என்றால் பவர் அதிகம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. 1997-இல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் எச்டி 600-ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம். 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல். 1 வோல்ட்டில் அது எடுப்பது 3.3 மில்லிவாட்தான். 2 வோல்ட் கொடுக்கும் 3.5 ஓட்டையில் 103 டெசிபல் வரை வரும். காதுக்கு அதுவே தாராளம். பிறகு ஏன் பத்தவில்லை என்கிறார்கள்? மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆலாபனை நிதானமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. தவில் உள்ளே வந்து ஒரு அடி விழும்போது, அந்தக் கண நேரத்துக்கு மட்டும் சராசரியைவிடப் பத்துப் பதினைந்து டெசிபல் மேலே போகும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு பவர். ஓட்டையில் அவ்வளவு இல்லாவிட்டால் அடியின் தலை மழுங்கிவிடும். தோலின் சத்தம் அட்டைச் சத்தம் ஆகும். 4 வோல்ட் வரும் 4.4-இல் அதே அடி உருண்டு திரண்டு விழும். பேலன்ஸ்டில் நான் கேட்ட பெரிய வித்தியாசம் இதுதான்.

மெல்லிய தட்டையான படலம் அதிர்ந்து பாடும் பிளேனார் வகை ஹெட்போன்கள் ஓம் குறைவு, ஆனால் கரண்ட்டைக் குடிக்கும். அவற்றுக்குக் கெயினை, அதாவது பிளேயர் சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஹையில் வையுங்கள். காதுக்குள் சொருகும் சின்ன இயர்போன்களுக்கு நேர் எதிர். லோ கெயின் போதும், இல்லாவிட்டால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். இயர்போன் 16 ஓம் என்றால் பிளேயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஓட்டையின் உள் மின்தடை) அதில் எட்டில் ஒன்று, அதாவது 2 ஓமுக்குள் இருப்பது நல்லது.

சொருகும் வரிசை முக்கியம். வால்யூமைப் பூஜ்ஜியம் ஆக்கி, பின்னைச் சொருகி, பிறகு காதில் மாட்டி, மெல்ல ஏற்றுங்கள். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பிளேயரை இயர்போன் மாட்டிக் கேட்காதீர்கள். இடியோடு மழை பெய்யும் ஐப்பசி ராத்திரியில் அறவே வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டு ஆம்ப்ளிஃபையர்

பிளேயரில் லைன் அவுட்டைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாக 2 வோல்ட் அளவில் நிலையாக வரும், வால்யூமை ஆம்ப்ளிஃபையரில் வைத்துக்கொள்ளலாம். 3.5-லிருந்து சிவப்பு வெள்ளை ஏவி பின் கேபிள் போதும். லைன் அவுட்டை அணைக்காமல் அதே ஓட்டையில் இயர்போன் போட்டால் முழுச் சத்தம் காதில் அறையும். வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

4.4-லிருந்து ஏவி பின்னுக்குப் போகும் கேபிளை வாங்கிவிடாதீர்கள். ஹெட்போனில் சொன்ன அதே ஷார்ட்தான் இங்கும் நடக்கலாம். எக்ஸ்எல்ஆர் என்ற பேலன்ஸ்டு ஓட்டை உள்ள ஆம்ப்ளிஃபையர் என்றால் மட்டும் 4.4.

ஹம் வந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். போகவில்லையா, இணைந்திருக்கும் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். டிஷ் டிவி கேபிளோடு சேர்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸ் பெரும்பாலும் அகப்படும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆப்டிகல் அல்லது ப்ளூடூத். ஆப்டிகலில் போவது வெளிச்சம், உலோக ஒயரே இல்லாததால் ஹம் ஏற வழியில்லை. உலோக ஒயரில் டிஜிட்டலாகப் போகும் கோஆக்ஸியலில் அந்தச் சௌகரியம் இல்லை. ப்ளூடூத் என்றால் எல்டேக் என்ற கோடெக், நொடிக்கு 990 கிலோபிட் வரை.

பிளேயரைக் கம்ப்யூட்டரில் டேக்காக, அதாவது டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் கருவியாக, பயன்படுத்த மேக்கிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் பெரும்பாலும் வேண்டியதில்லை, விண்டோஸ் 10 முதல் அதிலும் அப்படித்தான். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் சத்தம் சுத்தமாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏழாம் படி: கார்

தேனிக்குப் போகும் வழியில் கவனித்தது. ஆக்ஸ் கேபிளும் கார் சார்ஜரும் சேர்ந்திருந்தபோது பாட்டுக்கு அடியில் ‘ஙீ…’ என்று ஒரு ஓசை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. உசிலம்பட்டி தாண்டி மேட்டில் கியர் மாற்றும்போது சுருதி மாதிரியே ஏறி இறங்கியது. அது ஆல்டர்னேட்டர். சார்ஜரைக் கழற்றினேன், நின்றது. பிளேயரைப் பவர் பேங்கில் போட்டாலும் வராது, ஏனென்றால் பவர் பேங்குக்கும் காருக்கும் தொடர்பே இல்லை. லைன் அவுட்டின் 2 வோல்ட் சில கார்களின் ஆக்ஸுக்கு அதிகம், கரகரக்கும். அப்போது ஹெட்போன் நிலையில் வைத்து வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள்.

இறங்கிப் போகும்போது டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மூடிய கார், மத்தியான வெயில், கண்ணாடிக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக். அந்த இடத்தின் சூடு வெளியே இருப்பதைவிட வெகு அதிகம்.

மாதம் ஒருமுறை பிளேயரைத் தட்டையான மேஜையில் முதுகு கீழே இருக்கும்படி வைத்து விரலால் லேசாகச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுழன்றாலோ, முதுகுக் கண்ணாடியின் ஓரம் நகத்துக்குத் தட்டுப்பட்டாலோ, பேட்டரி வீங்கத் தொடங்கிவிட்டது. அழுத்தி ஒட்ட வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். அணைத்து, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, மறுநாளே சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.